நீல நூல் குப்பி, வெள்ளை நூல் குப்பி

பித்தளை அண்டாவை இரண்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தின் நடுவில் ணங்கென்று வைத்தார்கள். அமாவாசைச் சாப்பாட்டுக்குச் சாம்பார் வைக்கிற அண்டா. புளி போட்டுத் தேய்த்திருந்ததால் வெயில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. என்னதான் தேய்த்தாலும் பெருங்காய வாசனை மட்டும் அதை விட்டுப் போகாது.

நான் கையில் ஒரு மரத்தட்டோடு நிற்கிறேன். தட்டு நிறையச் சின்னச் சின்னக் குப்பிகள். சிலவற்றின் கழுத்தில் நீல நூல் கட்டியிருக்கிறது, சிலவற்றில் வெள்ளை நூல். எல்லாம் காதுக்கு விடுகிற மருந்து.

"எல்லாத்தையும் இதுல ஊத்து ளா" என்கிறார் முதலாளியம்மா.

"ஒரு சொட்டு ஊற்றக் கூடாது!" என்கிறார் டாக்டர்.

ஒருவர் எனக்குச் சம்பளம் தருகிறவர். இன்னொருவர் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர். தட்டோடு அவர் பக்கமும் இவர் பக்கமும் மாறி மாறித் திரும்புகிறேன். குப்பிகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுவென்று சத்தம் போடுகின்றன. அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது.

துறைமுகத்தில் நான் வழி தவறிய கதையைப் போன வாரம் இந்தத் தொடரில் படித்த ஒரு வாசகி, "நீங்கள் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்கிறீர்கள்" என்று எழுதியிருந்தார். பாவம், இந்த வாரம் அவர் ஏமாந்து போவார். அன்று அந்த முற்றத்தில் யார் பக்கம் நியாயம் என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாத மாதிரியே எழுதிவிடுகிறேன்.

காதுக்கு எவன் இருக்கான்?

முதலாளியம்மா என்று ஊரே கூப்பிட்ட அவர் பெயர் பாக்கியத்தம்மாள். தூத்துக்குடியில் அவர்களுக்கு உப்பளம் இருந்தது, கொழும்புக்குப் போய்வருகிற தோணிகள் இருந்தன. பனங்காட்டு ஊரிலிருந்து கருப்பட்டி விற்க வந்த குடும்பம் இரண்டு தலைமுறையில் அப்படி ஓங்கியிருந்தது. கணவர் போன பிறகு வியாபாரத்தை அந்த அம்மாளே பார்த்தார். நெற்றியில் திருநீறு, கழுத்தில் ஒன்றும் கிடையாது. பேச்சு மட்டும் தோணியோட்டுகிற தண்டல் மாதிரி, எதிர்க்காற்றிலும் கேட்கும்.

ஒரே மகன், செல்வராசு. குழந்தையிலேயே அவனுக்குக் காதில் சீழ். திருநெல்வேலி, மதுரை, சென்னை என்று போகாத வைத்தியர் இல்லை. ஒருவர் பூண்டு காய்ச்சிய எண்ணெய் விட்டார். இன்னொருவர் பொங்குகிற மருந்து விட்டார். மூன்றாமவர் முன்னவர் இருவரையும் திட்டிவிட்டு வேறொன்றை விட்டார். மீசை அரும்பி வேட்டி கட்டுகிற வயதில் காய்ச்சல் வந்து, காதிலிருந்த சீழ் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அதோடு பையன் போய்விட்டான்.

அவன் பெயரில் அந்த அம்மாள் சொத்தில் ஒரு பாதியை ஒதுக்கி வைத்ததுதான் 'செல்வராசு நினைவு தர்ம நிதி'. மாதாமாதம் அமாவாசைக்கு அன்னதானம், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம், கடற்கரைச் சாலையில் ஓர் இலவச வைத்தியசாலை. இந்த மூன்றுக்கும் உறவுக்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. நான்காவதாக 'வைத்திய ஆராய்ச்சி' என்று போட்டபோதுதான் குதித்தார்கள்.

"ஆராய்ச்சிக்குக் குடுக்கதுக்கு ஒரு கோயிலு கட்டலாமே" என்று கொழுந்தன் கேட்டாராம்.

"கோயிலு கட்ட ஆயிரம் பேரு இருக்கான். காதுக்கு எவன் இருக்கான்?" என்றாராம் இவர்.



நான் எப்படி உள்ளே வந்தேன்

எங்கள் ஊர் புன்னைக்காயல். கன்னியாஸ்திரிகளிடம் எட்டாம் வகுப்புவரை படித்தேன். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அர்த்தம் பாதிதான் விளங்கும். அந்தப் பாதி இங்கிலீஷை நம்பி என்னை அந்த வைத்தியசாலையில் சேர்த்துக்கொண்டார்கள். உலக யுத்தம் முடிந்திருந்ததா, முடிகிற சமயமா, சரியாக நினைவில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ஆராய்ச்சிக்கென்று சென்னையிலிருந்து வந்தவர் டாக்டர் ரங்கநாதன். ஒல்லியான மனிதர். வெயிலில் தலைக்கு ஈரத்துண்டு போட்டுக்கொள்வார். காபிக்குப் பதில் கருப்பட்டிக் காபி கொடுத்தால் முகம் சுளித்துக்கொண்டே முழுவதும் குடிப்பார். நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. குழப்பத்தில் அதுவும் ஒரு குழப்பம். கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டாக்டருக்குச் சீழ்க்காது வேண்டும், அதுவும் கூட்டமாக. அதற்குக் கடலில் மூழ்கிச் சங்கெடுக்கிற சங்குக்குளிகாரர்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? முத்துச் சிப்பி ஏமாற்றிக்கொண்டே இருந்த வருஷங்கள் அவை. முத்து இல்லாவிட்டாலும் சங்கு உண்டு. வாடைக்காற்று அடங்கியதிலிருந்து நாள்தோறும் கடலுக்கடியில் போய்வருகிறவர்களுக்குக் காது எப்படி இருக்கும்? படகு கரைக்கு வந்ததும் ஆளாளுக்குத் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதிப்பார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், குதிக்கிறவனுக்கு உயிர் போகும்.

என் அண்ணன் சூசையும் அப்படிக் குதித்தவன்தான்.

ஒரே கல்

இங்கே சங்குக்குளி பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சீக்கிரம் கீழே இறங்க ஒரு பாரக்கல், அந்த ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவன் கல்லின் கயிற்றில் காலை வைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்குவான், மற்றவன் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பான். மூச்சு முட்டி அவன் கயிற்றை இழுத்தால் இவன் தூக்க வேண்டும். பிறகு இவன் இறங்குவான், அவன் பிடிப்பான். யார் எத்தனை சங்கு எடுத்தாலும் இருவருக்கும் சரிபாதி. "நான் எடுத்தது" என்ற பேச்சே கிடையாது. அப்படிப் பேசுகிறவனுக்கு மறுநாள் கயிறு பிடிக்க ஆள் வராது.

அண்ணனின் கூட்டாளி கஸ்பார். சிறுவயதிலிருந்தே ஒட்டிக்கொண்டவர்கள். எங்கள் அம்மா அண்ணனுக்கென்று ஒளித்துவைத்துக் கொடுக்கிற பணியாரத்தில் பாதி கஸ்பாரிடம் போகும். அவன் வீட்டுக் கருவாட்டில் பாதி எங்கள் வீட்டுக்கு வரும். கஸ்பாருக்குக் கல்யாணம் ஆனபோது, "நல்ல வேளை, பெண்ணைப் பாதியாகப் பிய்க்க முடியாது" என்று ஊரே கேலி செய்தது.

அந்த வருஷக் குளி தொடங்கிய புதிதில் அண்ணனுக்கு ஒன்று நடந்தது. இடது காதில் ஏற்கெனவே சீழ். அன்றைக்குக் கீழே போனதும் குளிர்ந்த தண்ணீர் காதுக்குள் புகுந்து தலை சுற்றியிருக்கிறது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லையாம். மேலே வருகிறோம் என்று நினைத்துத் தரையைப் பார்த்து நீந்தியிருக்கிறான். கையில் மணல் தட்டுப்பட்டதும்தான் புத்தி வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தானாம். கஸ்பார் தூக்கிப் போட்டபோது மூக்கில் ரத்தம்.

"காது இப்படியே இருந்தா ஒருநா நான் மேல வரமாட்டேன் ளா" என்று என்னிடம் சொன்னான். அவன் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சங்கு எடுக்காமலும் முடியாது. அவனுக்கு வேறு தொழில் தெரியாது, என் சின்னச் சம்பளத்தைத் தவிர எங்கள் வீட்டில் வேறு வருமானமும் கிடையாது.

ஆகவே டாக்டரின் மருந்து எனக்கு ஆராய்ச்சி அல்ல. என் அண்ணன் மேலே வருவானா மாட்டானா என்பதுதான் அது.

நூல் கட்டிய அன்று

சல்ஃபா என்று ஒரு புதுமருந்து. அப்போது சுலபத்தில் கிடைக்காது. முதலாளியம்மா பம்பாயில் தெரிந்தவர்களைப் பிடித்து வரவழைத்தார். அதைக் கிளிசரினில் குழைத்து டாக்டர் குப்பிகளில் ஊற்றினார். நானும் கூடவே துடைத்து, அடைத்து, கழுத்தில் நூல் கட்டினேன். முதலில் ஒரு நிறம் கட்டச் சொன்னார். பிறகு என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, அவரே தனியாக வேறு குப்பிகளை நிரப்பினார். கடைசியில் எல்லாவற்றையும் அவிழ்த்து, நீலமும் வெள்ளையுமாக அவர் கையாலேயே கட்டினார்.

"இதில் ஒரு நிறத்தில் மருந்து இருக்கிறது பிலோமினா. இன்னொரு நிறத்தில் மருந்து இல்லை. வெறும் கிளிசரினும் தண்ணீரும்" என்றார்.

"எதுல ஐயா இல்ல?"

"அதைச் சொல்ல மாட்டேன். உனக்குத் தெரிந்தால் கொடுக்கும்போதே உன் முகம் சொல்லிவிடும்."

எதற்காக இந்தக் கூத்து என்று பொறுமையாக விளக்கினார். எல்லோருக்கும் மருந்து கொடுத்து எல்லோருக்கும் ஆறிவிட்டால், மருந்தால் ஆறியதா, தானாக ஆறியதா என்று யார் சொல்வது? பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் பார்த்தால்தான் தெரியும். அதிலும் ஒரே கல்லில் இறங்குகிற இரண்டு பேரில் ஒருவனுக்கு நீலம், மற்றவனுக்கு வெள்ளை. ஒரே படகு, ஒரே ஆழம், ஒரே தண்ணீர். "இதைவிடச் சுத்தமான ஒப்பீடு உலகத்தில் எங்கும் கிடைக்காது" என்று சொல்லும்போது அவர் கண் மின்னியது.

கேட்டபோது நியாயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு நடந்து போகையில் அநியாயமாக இருந்தது. மறுநாள் காலையில் மறுபடி நியாயமாகத் தெரிந்தது.

அண்ணனுக்கு நீலம் வந்தது. கஸ்பாருக்கு வெள்ளை. "குப்பியை மாத்தப்படாது. அவங்கவங்க குப்பி அவங்கவங்ககிட்டயே இருக்கணும்" என்று டாக்டர் சொல்லச் சொன்னதை எல்லோருக்கும் சொன்னேன். அண்ணன் கையில் அந்தக் குப்பியை வைக்கும்போது, மாதாவே இது மருந்தாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டினால் கஸ்பாருக்குத் தண்ணீர் போகட்டும் என்று வேண்டுவதாகத்தானே அர்த்தம்? அவன் மனைவி அப்போது பிள்ளைத்தாச்சி. பாதி ஜெபத்தில் நிறுத்திவிட்டேன். ஜெபத்தில்கூடக் குழம்ப முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

பந்தி வஞ்சனை

முதலாளியம்மாவுக்கு இந்த ஏற்பாடு தெரியாதா என்று கேட்பீர்கள். டாக்டர் தொடக்கத்திலேயே சொன்னார். பாதி இங்கிலீஷில் சொன்னார். கணக்கப்பிள்ளை எல்லாம் விளங்கிய மாதிரித் தலையாட்டினார். அந்த அம்மாளும் தலையாட்டிவிட்டார்.

அந்த வீட்டு அன்னதானத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் அன்னதானம் செய்கிற வீடுகள் பல இருந்தன. இந்த வீட்டுப் பந்தி தனி. முதலாளியம்மா இடுப்பில் கை வைத்து வரிசையின் தலைமாட்டில் நிற்பார். மூட்டை தூக்குகிறவன் இலையிலும் கணக்கப்பிள்ளை இலையிலும் ஒரே அளவு நெய் விழ வேண்டும். ஒருமுறை சமையல்காரர் தம் மைத்துனன் இலையில் மட்டும் இரண்டாவது கரண்டி பாயசம் விட்டார். அந்தப் பந்தி முடியுமுன்னே அவர் வேலையும் முடிந்தது. "பட்டினி போட்டாக்கூட சாமி பொறுக்கும். பந்தில வஞ்சன பண்ணுனா பொறுக்காது" என்பார்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு அமாவாசை நாளில், பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே, டாக்டர் மகிழ்ச்சியோடு வந்து ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று இந்தத் தடவை நல்ல தமிழில் விளக்கினார். காலம் செய்த கோலம், வேறென்ன சொல்ல.

முதலாளியம்மா கையிலிருந்த விசிறி நின்றது. "சும்மா தண்ணியா?"

"ஆமாம் அம்மா. பாதிப் பேருக்கு."

"மருந்துன்னு சொல்லித் தண்ணியா? எம் மகன் பேரச் சொல்லியா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையில் வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தார்கள். மறுநாள் காலை குளிகாரர்கள் எல்லோரும் குப்பியோடு வீட்டுக்கு வரவேண்டும் என்று அப்போதே ஆள் போய்விட்டது. வைத்தியசாலையில் மீதியிருந்த குப்பிகளைத் தட்டில் அடுக்கி நான் கொண்டுபோக வேண்டும் என்று உத்தரவு.

முற்றத்தில்

அந்த அண்டாவுக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தோம்.

முதலாளியம்மாவின் யோசனை மிக எளிமையானது. மருந்து இருக்கிற குப்பி, இல்லாத குப்பி எல்லாவற்றையும் அண்டாவில் கொட்டிக் கலக்கி, எல்லோருக்கும் ஒரே அளவாக ஊற்றிக் கொடுத்துவிட வேண்டியது. யாருக்கும் வஞ்சனை இல்லை.

"கலந்தால் மருந்தின் வீரியம் பாதியாகிவிடும் அம்மா! யாருக்குமே பயன்படாமல் போகலாம்" என்றார் டாக்டர்.

"போனா எல்லாருக்கும் போவட்டும்."

குளிகாரர்கள் வாசல் பக்கம் கூட்டமாக நின்றார்கள். அண்ணனும் கஸ்பாரும் முன்வரிசையில் இருந்தார்கள். ஒருவருக்கும் என்ன சண்டை என்று புரியவில்லை. நான் மட்டும்தான் இரண்டு பக்கமும் புரிந்து நின்றேன், அதனாலேயே ஒன்றும் புரியாமல் நின்றேன்.

டாக்டர் தலையிலிருந்த ஈரத்துண்டை எடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, உங்கள் மகனுக்கு எத்தனை வைத்தியர் எத்தனை மருந்து விட்டார்கள்?"

முதலாளியம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார்.

"அதில் ஒன்றையாவது யாராவது இப்படிச் சோதித்துப் பார்த்திருந்தார்களா? ஒருவரும் இல்லை. ஆளுக்கொரு நம்பிக்கையில் ஊற்றினார்கள். எது மருந்து, எது தண்ணீர் என்று அவர்களுக்கே தெரியாது."

"அப்போ எம் மகன் காதுல ஊத்துனது அத்தனையும் தண்ணிதானா?"

"இருக்கலாம் அம்மா. தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நீங்கள் இந்த நிதியே வைத்தீர்கள்."

அந்த அம்மாள் கையில் ஒரு குப்பி இருந்தது. தட்டிலிருந்து அவரே எடுத்து அடைப்பைத் திறந்திருந்தார். அண்டாவின் வாய்க்கு மேலே அதைப் பிடித்தபடி அப்படியே நின்றார். சாய்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. எதிர்க்காற்றிலும் கேட்கிற அந்தக் குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. கண்ணில் நீர் கோத்துவிட்டது. எனக்கும்தான்.

திடீரென்று என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பிள்ள. ஒங்க அண்ணன் காதுல போறது எது?"

"தெரியாதும்மா."

"தெரியாமயா குடுக்க?"

"ஆமாம்மா."

"எப்படி ளா மனசு வந்துச்சு?"

அதற்கு நான் என்ன சொல்வேன்? மனசு வரவும் இல்லை, வராமலும் இல்லை என்று சொன்னால் பைத்தியம் என்பார்.

அப்போதுதான் அண்ணன் முன்னால் வந்தான். தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "முதலாளியம்மா, ஒரு வார்த்த" என்றான்.

"என்னப்பா?"

"எங்க குப்பியக் கலக்க வேண்டாம்மா. மொத நாளே நாங்க கலந்துட்டோம்."

டாக்டர் அவனையே பார்த்தார். "என்ன செய்தீர்கள்?"

"கலந்துட்டோம் ஐயா. நானும் கஸ்பாரும். படகுலயே ரெண்டு குப்பியையும் ஒரு தேங்காச் செரட்டைல கவுத்தி, ஆட்டி, திரும்ப ரெண்டுலயும் பாதிப்பாதி ஊத்திக்கிட்டோம். ஒவ்வொரு தடவ புதுக்குப்பி வாங்கும்போதும் அப்படித்தான்."

"மாற்றக் கூடாது என்று சொன்னேனே!"

"மாத்தலியே ஐயா. அவன் குப்பி அவங்கிட்ட, என் குப்பி எங்கிட்டதான இருக்கு" என்று இடுப்பிலிருந்த நீல நூல் குப்பியை எடுத்துக் காட்டினான். "கலக்கப்படாதுன்னு நீங்க சொல்லலியே. எங்கூட ஒரே கல்லுல எறங்குதவனுக்கு ஒரு நூலு, எனக்கு ஒரு நூலு. ரெண்டு நூலுன்னா ஒண்ணு ஒசத்தி, ஒண்ணு மட்டம்னு தெரியாதா? எது ஒசத்தின்னுதான் தெரியல. எங்கிட்ட ஒசத்தி இருந்து அவனுக்கு மட்டமாப் போச்சுன்னா நாளைக்கு எங் கயிற எவன் புடிப்பான்?"

டாக்டர் பின்னாலிருந்தவர்களைப் பார்த்தார். "நீங்கள்?"

"நாங்களும்தான் ஐயா" என்றது ஒரு குரல். "எல்லாரும்தான்" என்றது இன்னொன்று. பின்வரிசையில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

கஞ்சியைப் பங்கு போடுவார்கள், கருவாட்டைப் பங்கு போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். காது மருந்தைப் பங்கு போடுவார்கள் என்று யார் கண்டது? உலகத்திலேயே சுத்தமான ஒப்பீடு என்று டாக்டர் எந்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்தாரோ, அந்த இரண்டு பேரைத்தான் ஆண்டவனாலும் பிரிக்க முடியாது. படகு படகாகப் பிரித்துக் கொடுத்திருந்தாலாவது ஏதோ தெரிந்திருக்கும்.

டாக்டர் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். முதலாளியம்மா முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையை வாயில் வைத்து அழத் தொடங்கினார்.

"எம் பிள்ளைக்குக் காது நாறுதுன்னு பக்கத்துல ஒருத்தன் உக்கார மாட்டான்" என்றார். "ஒரு கூட்டாளி இல்லாமப் போய்ட்டானே."

கஸ்பார் என்ன செய்வதென்று தெரியாமல், தன் வெள்ளை நூல் குப்பியை அந்த அம்மாளின் காலடியில், அண்டாவுக்குப் பக்கத்தில், கொண்டுபோய் வைத்தான்.

யாருக்குத் தண்ணி?

மிச்சமிருந்த சங்குக்குளிக் காலம் முழுக்க எல்லோருக்கும் சரியான மருந்தே கொடுத்தோம், நூல் இல்லாமல். முடிவில் டாக்டர் ஒவ்வொரு காதாகப் பார்த்தார். சிலருக்கு ஆறியிருந்தது. சிலருக்கு ஆறவில்லை. மருந்தால் ஆறியதா, பாதி மருந்தால் ஆறியதா, கோடையில் காது காய்ந்து தானாக ஆறியதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. பெட்டியைக் கட்டினார்.

நிதி நின்றுவிடவில்லை. அதற்குப் பின்னும் வருஷக்கணக்கில் யார் யாரோ ஆராய்ச்சிக்கு உதவி கேட்டு வந்தார்கள். கண், வயிறு, யானைக்கால் என்று எத்தனையோ. எல்லோரிடமும் முதலாளியம்மா ஒரே கேள்விதான் கேட்பார். "இதுல யாருக்குத் தண்ணி?" சிலர் ஒருவருக்கும் இல்லை என்பார்கள். அவர்களில் சிலரைத் திருப்பி அனுப்பிவிடுவார். சிலர் பாதிப் பேருக்கு என்று ஒளிக்காமல் சொல்வார்கள். அவர்களில் சிலருக்குக் கொடுத்துவிடுவார். என்ன கணக்கு அது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

டாக்டரை வழியனுப்ப ரயிலடிக்குப் போனேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எந்த நூலில் மருந்து என்று இனிமேல் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

"அவசியமா பிலோமினா?"

"ஆமா ஐயா."

"நீலம்தான் மருந்து" என்றார்.

வண்டி போன பிறகும் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

சிரட்டைக் கணக்கு

கஸ்பாருக்கு அந்த வருஷமே இரண்டு காதும் ஆறிவிட்டன. கடைசிவரை அவனுக்குப் பாம்புச்செவி. அண்ணனுக்கு ஆறவில்லை. அவன் காது முதலிலிருந்தே மோசம்தான், முழு மருந்தும் முதல் நாளிலிருந்தே அவனுக்குப் போயிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. அடுத்த குளிக்காலத்தில் இடது காது சுத்தமாக அடைத்துப்போனது. கஸ்பாரே அவனைக் கல்லில் இறங்க விடவில்லை. கயிறு மட்டும் பிடிக்கச் சொன்னான். பங்கு மட்டும் எப்போதும்போலச் சரிபாதி. அதுவும் சில வருஷந்தான், பிறகு அண்ணன் கடலை விட்டுவிட்டான்.

நீலம் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. நெஞ்சுக்குள் கிடந்து அறுத்தது. கஸ்பார் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, பூனை நடப்பதைக் கேட்டு "மீன் சட்டியப் பாரு ளா" என்று சொல்கிறபோதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். அந்த நல்ல மனிதன்மேல் எனக்கு ஏன் கோபம்? அவன் என்ன செய்தான்?

ஒருநாள் புன்னைக்காயலில் அண்ணன் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல அவன் வலது பக்கம் உட்கார்ந்தேன். இடது பக்கம் உட்கார்ந்தால் சுவரோடு பேசுகிற மாதிரி. அன்றைக்கு என்னவோ அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"ஒங் குப்பிலதான் மருந்து இருந்துச்சுண்ணே. கஸ்பாருது வெறுந் தண்ணி. ஒன்னதுல பாதிய அவனுக்குக் குடுத்துட்டு ஒங் காதப் போக்கிட்டியே!"

ஊசி நின்றது. நல்ல காதைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, "அவன் குப்பில என்ன இருந்துச்சுன்னா?" என்று கேட்டான்.

"தண்ணி. வெறும் தண்ணி."

"அதுல பாதிய அவன் எனக்குத் தந்தானா, இல்லியா?"

"தந்தான்."

"பொறவென்ன ஏளா?" என்றான் அண்ணன். வலையின் மறுமுனையை என் பக்கம் தள்ளி, பிடித்துக்கொள்ளச் சொன்னான்.